சுகாதார டிப்ளோமா: சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு? கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு

எஸ்பிஎம் தேர்வு முடிவுகள் வந்த மறுவாரமே ரஹாங், ராசா, செனவாங் வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? தனியார் கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் வீடு தேடி வருகின்றன. தாதிமை, இயன்முறை சிகிச்சை, மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே பிரிவு, மருத்துவ உதவியாளர் என்று சுகாதாரத் துறை டிப்ளோமாக்கள் அவற்றில் முதலிடத்தில் இருக்கும். "பிடிபிடிஎன் கடன் கிடைக்கும், வேலை உறுதி" என்ற வரியும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

இந்தப் படிப்புகள்மீது நம்மவர்களுக்கு ஈர்ப்பு இருப்பதில் வியப்பில்லை. ரஹாங்கிலிருந்து சில நிமிடப் பயணத்தில் செரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. நகரில் தனியார் மருத்துவமனைகளும் டயாலிசிஸ் மையங்களும் உள்ளன. ரந்தாவ், லிங்கி, லாபு தோட்டங்களிலிருந்து வெளியேறி நகரை ஒட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு, வெள்ளைச் சீருடை அணிந்து மருத்துவமனையில் வேலை செய்யும் பிள்ளை என்பது பெரிய கனவு. பால்மரம் வெட்டியவரின் பேத்தி இரத்தப் பரிசோதனை செய்கிறாள் என்றால் அது முன்னேற்றம்தான்.

ஆனால் அந்தக் கனவுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு, யார் கட்டுகிறார்கள், எத்தனை ஆண்டுகள் கட்டுகிறார்கள் என்பதைச் சேரும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் படிப்படியாக விளக்குகிறது.

எந்தத் துறைக்கு எந்தச் சட்டம்?

"சுகாதாரப் படிப்பு" என்று பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வொரு தொழிலும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. தாதியர்களுக்கு 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமும் மலேசியத் தாதியர் வாரியமும் உண்டு. மருத்துவ உதவியாளர்களுக்கு 1977ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் உண்டு. இன்று அரசு மருத்துவமனைகளில் இவர்கள் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்' என்று அழைக்கப்படுகிறார்கள்.

இயன்முறை சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், எக்ஸ்ரே எடுப்பவர், உணவியல் நிபுணர் உள்ளிட்ட 23 தொழில்கள் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 774 என்ற எண்ணுடைய இந்தச் சட்டம் 2020 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இத்தொழில்களைச் செய்ய விரும்புவோர் மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும்.

இதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் எளிது. டிப்ளோமா கையில் இருந்தாலும், அந்தப் படிப்பு உரிய வாரியத்தாலோ மன்றத்தாலோ ஏற்கப்பட்டதாக இல்லாவிட்டால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

படிக்க எத்தனை வழிகள்?

முதல் வழி, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள். ஐஎல்கேகேஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவை நாடு முழுவதும் இருக்கின்றன. பேராக் உலு கிந்தாவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா பயிற்சிக் கழகமும், சுங்கை பூலோவில் உள்ள கழகமும் பலருக்குத் தெரிந்தவை. இங்குப் பயிற்சிச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ வழியாக இணையத்தில் செய்யப்படுகிறது. மலாய்மொழி, கணிதம், அறிவியல் பாடங்களில் எஸ்பிஎம் தேர்வில் கிரெடிட் தேவை. போட்டி கடுமை, நேர்முகத் தேர்வும் உண்டு. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் வாங்காமல் டிப்ளோமா முடிக்கக்கூடிய வழிகளில் இதுவே முக்கியமானது.

இரண்டாவது, அரசாங்க உயர்கல்விக்கூடங்கள். இங்குதான் நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவு குறைகிறது. சுகாதார அறிவியல் டிப்ளோமாக்களை வழங்கும் பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகம் யுஐடிஎம். அதன் ஒரு வளாகம் செரம்பானிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் பூமிபுத்ரா மாணவர்களுக்கே இடம். 2001ஆம் ஆண்டு முதல் செயல்படும் கோலேஜ் கொமுனிட்டி எனும் சமூகக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அவற்றின் பலம் சமையல், வாகனப் பழுதுபார்ப்பு, மின்னியல், அழகுக்கலை போன்ற கைத்திறன் துறைகளில்தான். மருத்துவமனைத் தொழில்களுக்கான பதிவுபெற்ற டிப்ளோமாவை அங்கே எதிர்பார்த்துப் போவது பயன் தராது.

மூன்றாவது வழி, தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும். முதல் இரண்டு வழிகளும் குறுகலாக இருப்பதால் நம் பிள்ளைகளில் பலர் இங்கே வந்து சேர்கிறார்கள். நீலாயிலேயே கேபிஜே சுகாதாரப் பல்கலைக்கழகமும் இந்தி அனைத்துலகப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கெடாவில் 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை தவிரச் சிறிய கல்லூரிகளும் பல உண்டு. கடன் பற்றிய கதை தொடங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான்.

முன்பு ஒருமுறை நடந்தது

"சுகாதாரத் துறையில் எப்போதும் வேலை உண்டு" என்ற பேச்சை நம்புவதற்கு முன் தாதிமைப் படிப்பின் கதையை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2000ஆம் ஆண்டுகளில் தனியார் தாதிமைக் கல்லூரிகள் வேகமாகப் பெருகின. பிடிபிடிஎன் கடன் எளிதாகக் கிடைத்ததால் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆனால் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆண்டுதோறும் தேவைப்பட்ட தாதியரைவிடப் பல மடங்கு அதிகமானோர் டிப்ளோமாவுடன் வெளியே வந்தார்கள். அரசாங்க மருத்துவமனைகளோ தங்கள் சொந்தப் பயிற்சிக் கழகங்களில் படித்தவர்களையே முதலில் எடுத்தன.

விளைவு, வேலையில்லாத தாதியர்களும் கட்டப்படாத கடன்களும். 2010இல் அரசாங்கம் புதிய தாதிமைப் படிப்புகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. சேருவதற்குத் தேவையான எஸ்பிஎம் கிரெடிட்டுகளும் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டன.

பிறகு காற்று திசை மாறியது. சிங்கப்பூருக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் தாதியர்கள் சென்றார்கள், பலர் பணியிலிருந்து விலகினார்கள். இன்று தாதியர் பற்றாக்குறைதான் பேச்சு. ஆக, ஒரு படிப்பில் சேரும்போது இருக்கும் வேலைவாய்ப்பு, மூன்று ஆண்டுகள் கழித்து முடிக்கும்போதும் அதே அளவில் இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. பிடிபிடிஎன் கடனோ அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

பிடிபிடிஎன் கடன் எப்படி வேலை செய்கிறது?

தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகமான பிடிபிடிஎன் 1997ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏ அங்கீகரித்த படிப்புகளுக்கு மட்டுமே கடன் கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பத்தின் பிள்ளைக்கு உச்ச அளவு கிடைக்கும். வருமானம் கூடக் கூடத் தொகை குறையும்.

2008ஆம் ஆண்டு முதல் இந்தக் கடனுக்கு 'ஊஜ்ரா' எனும் நிர்வாகக் கட்டணமாக ஆண்டுக்கு 1 விழுக்காடு விதிக்கப்படுகிறது. இது மொத்தக் கடன்மீது கணக்கிடப்படும் நிலையான விகிதம். உதாரணத்துக்கு 20,000 ரிங்கிட் கடனைப் பத்து ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 ரிங்கிட் வீதம் பத்து ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் கட்டணம். மொத்தம் 22,000 ரிங்கிட். மாதம் சுமார் 183 ரிங்கிட். இதே 40,000 ரிங்கிட் கடனைப் பதினைந்து ஆண்டுகளில் கட்டினால் மொத்தம் 46,000 ரிங்கிட், மாதம் சுமார் 256 ரிங்கிட்.

வங்கியின் தனிநபர் கடனோடு ஒப்பிட்டால் இது மலிவான கடன். அதில் ஐயமில்லை. ஆனால் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, படிப்பைப் பாதியில் விட்டாலும் அதுவரை பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். சான்றிதழும் இல்லாமல் கடனும் சுமப்பதைவிட மோசமான நிலை வேறு இல்லை.

இரண்டு, புள்ளிச் சராசரி 2.00க்குக் கீழே போனால் அடுத்த தவணைப் பணம் தடைபடும். அந்தப் பருவத்தின் கட்டணம் பெற்றோர் தலையில் விழும். உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடக்கும் முதலாண்டிலேயே பல மாணவர்கள் தடுமாறுவது இதனால் ஆபத்தாகிறது.

மூன்று, முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை இளங்கலைப் பட்டத்துக்குத்தான். டிப்ளோமாவில் 4.00 வாங்கினாலும் கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நான்கு, ஒப்பந்தத்தில் உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திடுபவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ மாமாவாகவோ இருந்தால், கடன் கட்டப்படாதபோது அவருக்கும் கடிதம் வரும். உத்தரவாதக் கையெழுத்தைச் சடங்காக நினைத்துப் போடக்கூடாது.

அறிக்கையில் வராத கடன்

பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடும் கணக்கு இதுதான். பிடிபிடிஎன் தரும் தொகை தனியார் கல்லூரியின் முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டுவது அரிது. மூன்றாண்டுக் கட்டணம் 38,000 ரிங்கிட் என்றும் கடன் 20,000 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். மீதம் 18,000 ரிங்கிட். 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 500 ரிங்கிட். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவு ஆகியவை இதில் சேரவில்லை.

இந்த 500 ரிங்கிட் எங்கிருந்து வருகிறது? சில வீடுகளில் அப்பாவின் இபிஎஃப் பணத்திலிருந்து. சில வீடுகளில் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. வேறு சில வீடுகளில் உறவினரிடம் கைமாற்று அல்லது கூட்டுப் பணம். மோசமான நிலையில், உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் கடன்.

இந்தக் கடன்களின் விலை ஒன்றுபோல் இருப்பதில்லை. பிடிபிடிஎன் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. அடகுக் கடையில் மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு வரை. உரிமம் பெற்ற வட்டிக்கடைகள் அடமானமின்றிக் கொடுக்கும் கடனுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு. உரிமம் இல்லாதவர்களிடம் கணக்கே கிடையாது.

ஆக, பிள்ளையின் பெயரில் இருக்கும் மலிவான கடன் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பெற்றோர் சுமக்கும் விலை அதிகமான கடன் யார் கண்ணிலும் படுவதில்லை. வேலை கிடைத்ததும் முதலில் அடைக்க வேண்டியது எது என்று கேட்டால், பிடிபிடிஎன் மாதத் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, கூடுதல் பணம் இருந்தால் அதை அடகுக்கும் தனியார் வட்டிக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

முதல் சம்பளம்: கையில் நிற்பது எவ்வளவு?

இனி வருமானத்தைப் பார்ப்போம். தனியார் துறையில் டிப்ளோமாவுடன் சேரும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்துச் சுமார் 14 ரிங்கிட். கையில் கிடைப்பது சுமார் 1,766 ரிங்கிட். பிடிபிடிஎன் தவணை 183 ரிங்கிட் போனால் மீதி சுமார் 1,583 ரிங்கிட்.

இப்போது எஸ்பிஎம் முடித்ததும் செனவாங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த தோழரின் கணக்கு. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போகச் சுமார் 1,500 ரிங்கிட் கைக்கு வரும். கல்விக் கடன் இல்லை. அதாவது மூன்று ஆண்டுகள் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் தொடக்கத்தில் இருக்கும் இடைவெளி மாதம் 80 ரிங்கிட் அளவுதான்.

தோழர் மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் அந்த இடைவெளி தலைகீழாகிவிடும். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் சாதாரண நாள் ஓவர்டைமுக்கு மணிக்குச் சுமார் 12 ரிங்கிட். 40 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 490 ரிங்கிட். அது மட்டுமல்ல, அவர் மூன்று ஆண்டுகள் சம்பாதித்திருக்கிறார். இவர் மூன்று ஆண்டுகள் கட்டணம் கட்டியிருக்கிறார்.

இதைப் பார்த்து, படிப்பே வேண்டாம், தொழிற்சாலைக்கே போகலாம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இந்தக் கணக்கு முதல் ஆண்டுக்கு உரியது. மருத்துவமனைகளில் ஷிஃப்ட் அலவன்ஸ், அழைப்புப் பணி அலவன்ஸ் ஆகியவை உண்டு. அனுபவம் கூடும்போது சம்பளம் கூடும். டயாலிசிஸ், அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்றவற்றில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு மதிப்பு அதிகம். ஓவர்டைமை நம்பிய வருமானம் ஆர்டர் குறைந்தால் குறைந்துவிடும், உடல் தளர்ந்தாலும் குறைந்துவிடும். பதிவு பெற்ற தொழில் கையில் இருந்தால் ஐம்பது வயதிலும் வேலை உண்டு.

ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இறுக்கமாக இருக்கும் என்பதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். "வேலைக்குப் போனதும் எல்லாக் கடனையும் அடைத்துவிடுவான்" என்று எதிர்பார்த்து, முதல் மாதமே புது மோட்டார் சைக்கிளுக்கும் வீட்டுச் செலவுக்கும் தம்பியின் கட்டணத்துக்கும் அந்தச் சம்பளத்தைப் பங்கு போட்டால், விடுபட்டுப்போவது பிடிபிடிஎன் தவணையாகத்தான் இருக்கும். ஏனென்றால் அதைக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை.

அரசாங்க வேலையா, தனியாரா, சிங்கப்பூரா?

அரசாங்கச் சேவையில் டிப்ளோமா தகுதிக்கான பணிகள் முன்பு யு29 தரத்தில் இருந்தன. 2024 டிசம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த எஸ்எஸ்பிஏ சம்பளத் திட்டத்தில் அது யு5 ஆனது. பட்டதாரிகளுக்கான யு41 தரம் யு9 ஆனது. அந்தத் திட்டத்தில் இந்தப் பிரிவினருக்கு 15 விழுக்காடு சம்பள உயர்வு, 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு என இரு கட்டங்களாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு உயர்வு, நிலையான அலவன்ஸ், குடும்பத்துக்கு மருத்துவ வசதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அரசாங்க வேலையின் மதிப்பு அடிப்படைச் சம்பளத்தைவிட அதிகம்.

சிக்கல் காத்திருப்பதில்தான். காலியிடம் அறிவிக்கப்பட வேண்டும், எஸ்பிஏ நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். அழைப்பு வந்தாலும் நியமனம் சபாவிலோ சரவாக்கிலோ இருக்கலாம். அந்த இடைக்காலத்தில் தனியார் துறையில் பணியாற்றி அனுபவம் சேர்ப்பவர்களே பிழைத்துக்கொள்கிறார்கள். வேறு வேலைக்குப் போய்விட்டு இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்ப நினைப்பவர்களுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போகும்.

தனியார் துறையில் வேலை தரும் இடங்கள் மருத்துவமனைகள் மட்டுமல்ல. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் சமூகத்தில் இந்நோயின் தாக்கம் மற்ற இனங்களைவிட அதிகம் என்பது பழைய செய்தி. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்வோர் கூடுகிறார்கள், பக்கவாதத்துக்குப் பின் இயன்முறை சிகிச்சை தேவைப்படுவோரும் கூடுகிறார்கள். டயாலிசிஸ் மையங்கள், தனியார் ஆய்வுக்கூடங்கள், முதியோர் இல்லங்கள், மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் போன்ற இடங்களையும் தேடிப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் கனவைப் பொறுத்தவரை, ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் கடனைச் சில ஆண்டுகளில் அடைத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் தொழிலுக்கேற்ற பதிவு தேவை. தாதியர்களுக்குச் சிங்கப்பூர்த் தாதியர் வாரியம். இயன்முறை சிகிச்சை போன்ற துறைகளுக்குத் தனி மன்றம் உண்டு, அங்கே பெரும்பாலும் பட்டப்படிப்பை எதிர்பார்க்கிறார்கள். "டிப்ளோமா முடித்தால் நேரே சிங்கப்பூர்" என்று யாராவது சொன்னால், எந்த மன்றம் இந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்களுக்கு

கடிதம் வந்தால் திறந்து பாருங்கள். பிரிக்காமல் வைப்பதால் கடன் குறைவதில்லை, நிலுவைதான் ஏறுகிறது. பிடிபிடிஎன் அலுவலகத்துக்குப் போய் அல்லது இணையக் கணக்கில் நுழைந்து நிலுவை எவ்வளவு என்று முதலில் அறியுங்கள். தவணையை மறுசீரமைக்கலாம். காலத்தை நீட்டினால் மாதத் தொகை குறையும். மேற்படிப்புக்குச் சென்றவர்கள், வேலை இல்லாதவர்கள் ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 1,800 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பாதிப்பவர்களுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. அதே காலகட்டத்தில் முழுக் கடனையும் ஒரே முறையில் அடைத்தவர்களுக்கு 20 விழுக்காடு வரை கழிவும் கொடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட சலுகைகள் அவ்வப்போது வந்து போகின்றன. வரவுசெலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும் நாள்களில் செய்தியைக் கவனியுங்கள்.

இபிஎஃப் பணத்தை எடுத்துக் கல்விக் கடனை அடைக்க அனுமதி உண்டு. 2024 மே முதல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட கணக்குகளில் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து இதைச் செய்யலாம். பெற்றோர் பிள்ளைக்காகவும் எடுக்கலாம். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இபிஎஃப் 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு ஈவு கொடுத்தது. அவ்வளவு வளரும் பணத்தை எடுத்து, ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் உள்ள கடனை அவசரமாக அடைப்பதில் லாபம் இல்லை. அதிலும், இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வுபெறப் போகும் அப்பாவின் சேமிப்பைத் தொடுவது வீட்டுக்கே நட்டம். நிலுவை ஏறிப்போய் வேறு வழியில்லாதபோது மட்டும் அந்தக் கதவைத் தட்டலாம்.

பல இடத்துக் கடன்கள் சேர்ந்து மூச்சுமுட்டுகிறது என்றால் ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த இந்த அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வட்டிக்காரரிடம் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லூரிக்குப் போகும்போது பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரும் போங்கள். கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

இந்தப் படிப்புக்கு எம்கியூஏவின் முழு அங்கீகாரம் இருக்கிறதா, தற்காலிக அனுமதி மட்டுமா? எம்கியூஏவின் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடி நீங்களே சரிபார்க்கலாம். உரிய வாரியமோ மன்றமோ இந்த டிப்ளோமாவைப் பதிவுக்கு ஏற்கிறதா? பதிவுக்குத் தனித் தேர்வு உண்டென்றால் முதல் முறையிலேயே தேறுபவர்கள் எத்தனை பேர்? மருத்துவமனைப் பயிற்சி எங்கே நடக்கும், அதற்கான பயணச் செலவு யாருடையது? மூன்றாண்டுக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு, தேர்வுக் கட்டணம், சீருடை, காப்புறுதி எல்லாம் சேர்த்தா? ஒரு பாடத்தில் தோற்றால் மறுபடி எழுத எவ்வளவு? கடந்த ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு "எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது" என்று மட்டும் பதில் வந்தால், முன்னாள் மாணவர் இருவரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். இலவச மடிக்கணினியும் சேர்க்கைக் கட்டணக் கழிவும் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது.

அதோடு, கடனுக்குக் கையெழுத்திடும் முன் இலவச வழிகளை முயன்றுவிட்டீர்களா என்று பாருங்கள். எஸ்பிஏ வழியாக ஐஎல்கேகேஎம் விண்ணப்பத்தை எஸ்பிஎம் முடித்த ஒவ்வொரு பிள்ளையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் முறை கிடைக்காவிட்டால் மறுமுறை முயலலாம். 1984இல் தொடங்கிய எம்ஐஇடி கல்விக் கழகம், மித்ரா, தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பில் 1960இல் துன் சம்பந்தன் உருவாக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் அந்தந்த ஆண்டில் என்ன கல்வி உதவி இருக்கிறது என்று விசாரியுங்கள். தாத்தா பாட்டி அந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்தால், அந்தப் பங்கு இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கவும் இது நல்ல சமயம்.

சுகாதாரத் துறை நம் பிள்ளைகளுக்கு ஏற்ற துறைதான். மரியாதை உண்டு, நிலைத்த தொழில் உண்டு, நம் மொழி மட்டுமே தெரிந்த ஒரு முதியவருக்கு மருத்துவமனையில் தமிழில் ஆறுதல் சொல்ல ஒருவர் இருப்பதன் மதிப்பைப் பணத்தால் அளக்க முடியாது. அந்தப் பிள்ளை மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பயப்படாமல் வேலை செய்ய வேண்டுமென்றால், கணக்கைப் படிப்பு முடிந்தபின் போடாமல் விண்ணப்பப் பாரத்தை நிரப்பும் இரவிலேயே போட்டுவிடுங்கள். ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். கூட்டிப் பார்த்துச் சரிவருகிறது என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.